சவுக்குத் தோப்பு விற்பனை: எடையும் ஈரமும்

கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் கரையோர மணற்பாங்கு நிலங்களில் சவுக்கு ஒரு பணப்பயிராகவே சாகுபடி செய்யப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் நீராவி ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டி, சென்னை மாகாணக் கடற்கரையில் இம்மரம் தோப்பு தோப்பாக நடப்பட்டது. அந்த எஞ்சின்கள் போய்விட்டன, மரம் நிலைத்துவிட்டது. இன்று சாரம் கட்டவும் பந்தல் போடவும் கழியாகவும், காகித ஆலைக்குக் கூழ்மரமாகவும், அடுப்புக்கு விறகாகவும் சவுக்கு விற்பனையாகிறது. இதன் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைக் கிரகித்துத் தருவதால், வளம் குன்றிய மணலிலும் மரம் நன்கு வளர்கிறது.

நடவு, நீர்ப் பாய்ச்சல், பக்கக் கிளை கழித்தல் ஆகியவற்றில் கரையோர விவசாயிகளுக்குப் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. இழப்பு வருவது விற்பனையில்தான். மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருந்து வளர்த்த தோப்பு, அரை மணி நேரப் பேச்சில் கைமாறிவிடுகிறது. வியாபாரி தோப்புக்குள் ஒரு சுற்று சுற்றி வந்து, நிற்கும் மரத்துக்கு மொத்தமாக ஒரு தொகை சொல்கிறார். அவர் இதே வேலையாக நாள்தோறும் தோப்பு பார்ப்பவர். எத்தனை டன் தேறும் என்பது அவர் கண்ணுக்கே தெரியும். விவசாயியோ நான்கு ஆண்டுக்கு ஒரு முறை விற்பவர். இதில் வியாபாரியைக் குறை சொல்லிப் பயனில்லை. வெட்டுக் கூலி, லாரி வாடகை, விலை இறக்கம் எல்லாவற்றையும் அவர்தான் தாங்க வேண்டும். விவசாயியும் தன் தோப்பின் எடையைத் தெரிந்துகொண்டு பேச உட்கார்ந்தால் பேச்சு சமமாக நடக்கும்.

எடையை அறிவது கடினமல்ல. தோப்பிலுள்ள மரங்களை வரிசை வரிசையாக எண்ணி, மார்பளவு உயரத்தில் சுற்றளவை நாடாவால் அளந்து, மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும். 15 செ.மீ.க்குக் குறைந்தவை, 15 முதல் 22 செ.மீ. வரை உள்ளவை, அதற்கு மேற்பட்டவை என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வகையிலும் தோப்பின் வெவ்வேறு இடங்களிலிருந்து ஐந்து மரங்களை வெட்டி, மிளாரைக் கழித்துவிட்டு, அன்றே தராசில் நிறுத்துச் சராசரி காண வேண்டும். ஓரத்து மரங்களை மட்டும் வெட்டி நிறுத்தால் கணக்கு கூடிவிடும். ஓரத்து மரம் வெயிலும் இடமும் கிடைத்துப் பருத்திருக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு ஏக்கரில் 3,000 மரங்கள் நிற்பதாகக் கொள்வோம். சிறியவை 600, சராசரி 5 கிலோ. நடுத்தரம் 1,700, சராசரி 13 கிலோ. பெரியவை 700, சராசரி 26 கிலோ. கூட்டினால் 43,300 கிலோ. அதாவது 43 டன்னுக்குச் சற்று மேல். இதே தோப்பை 36 டன் என்று மதித்து விலை பேசினால், 7 டன்னுக்கு மேல் விலையின்றிப் போகிறது. சோதனைக்கு வெட்டிய 15 மரங்களும் வீணல்ல. கழியாகவோ விறகாகவோ பயன்படும்.

எடைக்கு விற்கும்போது

எடைக்கு விற்பது மேல் என்று பலரும் இப்போது அம்முறைக்கு வருகின்றனர். ஆனால் அதிலும் ஒரு கண்ணி உண்டு. பச்சை மரத்தின் எடையில் 40 முதல் 50 சதவீதம் வரை நீர்தான். வெட்டிய நாளிலிருந்து அந்த நீர் ஆவியாகத் தொடங்குகிறது. அதுவும் முதல் சில நாட்களில்தான் வேகமாக வெளியேறுகிறது. பட்டை உரித்த கட்டை இன்னும் விரைவில் காயும். மரத்தை வெட்டிப் போட்டுவிட்டு லாரி வரவில்லை என்றால், வெயிலில் கிடக்கும் கட்டையிலிருந்து ஆவியாவது விவசாயியின் பணம். மேற்சொன்ன தோப்பில் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தாலும் 4,330 கிலோ போய்விடுகிறது. ஆகவே லாரி உறுதியான பின்னரே கோடாலி எடுக்க வேண்டும். ஒரு நாளில் ஏற்ற முடிந்த அளவை மட்டும் அன்றன்று வெட்டுவது நல்லது. காலி லாரியையும் பாரம் ஏற்றிய லாரியையும் ஒரே எடை மேடையில் நிறுத்து, இரண்டு சீட்டுகளையும் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பட்டையோடு விலையா, உரித்த கட்டைக்கு விலையா என்பதையும், வெட்டுக் கூலியும் ஏற்றுக் கூலியும் யாருடையது என்பதையும், எந்தத் தேதிக்குள் தோப்பு காலியாக வேண்டும் என்பதையும் முன்பணம் வாங்கும் போதே எழுதிக்கொள்ள வேண்டும். மிளாரும் அடிக்கட்டையும் யாருக்கு என்று பேசாமல் விட்டுக் கடைசி நாளில் சச்சரவு செய்வது வழக்கமாக உள்ளது. மரத்தின் கனமான பகுதி அடிப்பகுதியே. குனிய அலுத்துக்கொண்டு முழங்கால் உயரத்தில் வெட்டினால் அந்த எடை தோப்பிலேயே நின்றுவிடும். தரையை ஒட்டி வெட்டச் சொல்ல வேண்டும். நாட்டுச் சவுக்கு வெட்டிய இடத்தில் சரியாகத் தழைப்பதில்லை. மறு நடவுதான் வழி. எனவே அடிக்கட்டையை உயரமாக விடுவதில் பயன் ஏதுமில்லை.

விற்பனைக் காலத்தைப் பொறுத்தவரை புயல் பருவத்தை மறந்துவிடக் கூடாது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர், புதுச்சேரிக் கரையைத் தாக்கியபோது சவுக்குத் தோப்புகள் முறிந்தும் சாய்ந்தும் போயின. சாய்ந்த மரத்தை வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருக்க முடியாது. முதிர்ந்த தோப்பை ஐப்பசிக்கு முன் விற்றுவிடுவது பெரும்பாலும் பாதுகாப்பானது.

அடுப்புக்கு வாங்குவோர்

விற்பவருக்கு நீர் எடை லாபம் என்றால், விறகு வாங்குபவருக்கு அதுவே நட்டம். எரிவாயு வந்த பின்னும் வெந்நீர் போடவும் நெல் அவிக்கவும் பல வீடுகளில் விறகு எரிகிறது. நீலகிரியில் குளிர் காயவும் கட்டை வேண்டியிருக்கிறது. 45 சதவீத ஈரமுள்ள ஒரு டன் பச்சை விறகு, 15 சதவீத ஈரத்துக்குக் காய்ந்தால் சுமார் 650 கிலோதான் நிற்கும். எனவே காய்ந்த விறகின் விலை பச்சை விறகைப் போல ஒன்றரை மடங்கு இருந்தாலும் வாங்குபவருக்கு நட்டமில்லை. பச்சை விறகை எரித்தால், ஒரு கிலோவில் உள்ள 450 கிராம் நீரை ஆவியாக்கவே சுமார் 270 கிலோ கலோரி செலவாகிறது. இது அந்த விறகு தரும் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. இதைவிடப் பெரிய கேடு, தீ சூடேறாமல் புகைவதே. அந்தப் புகை சமையற்கட்டில் நிற்கும் பெண்களின் கண்ணையும் மூச்சையும் கெடுக்கிறது.

பச்சையாகத்தான் கிடைக்கிறது என்றால் தையில் வாங்கிப் பிளந்து, தரையில் படாமல் இரண்டு கட்டைகள் மேல் இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் கீற்றோ தகரமோ போட வேண்டும். நாற்புறமும் மூடிவிட்டால் காயாது, பூசணம் பிடிக்கும். காய்ந்ததா என்று அறிய, அடுக்கும்போதே ஒரு கட்டையில் அடையாளமிட்டு நிறுத்து எழுதி வைத்து, வாரம் ஒரு முறை நிறுத்துப் பார்க்கலாம். இரண்டு வாரம் தொடர்ந்து எடை இறங்காவிட்டால் விறகு தயார். அந்தக் கட்டையின் முனையில் வெடிப்பு விட்டிருக்கும். இன்னொரு கட்டையோடு தட்டினால் மந்தமாக ஒலிக்காமல் கணீரென்று ஒலிக்கும். சித்திரை வெயிலைக் கண்ட விறகை ஆவணிக்குள் கொட்டகைக்கு மாற்றிவிட்டால், அடைமழையிலும் நெல் அவிக்க அதுவே உதவும்.