பீரோ சாவி நம் இடுப்பில்... அந்தப் பெட்டிச் சாவி யாரிடம்?



கல்யாண ஆல்பத்தைத் துணி சுற்றி பீரோவில் வைத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது எல்லாமே செல்போன் படம்தான். கூகுள் போட்டோஸ் கணக்கு வழக்கில்லாமல் இலவசமாய்ச் சேமித்துத் தந்ததை 2021 ஜூன் மாதத்தில் நிறுத்தியதும், பல வீடுகளில் பழைய கம்ப்யூட்டரையே வைஃபை பெட்டியோடு இணைத்து, 'சர்வர்' என்று பெயர் சூட்டி மூலையில் உட்கார வைத்துவிட்டார்கள். என் மகனும் அப்படித்தான் வைத்துவிட்டு, வேலைக்குப் புனே போய்விட்டான்.

வீட்டுப் பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் மார்க் ஷீட், மாமனாரின் மணிவிழா வீடியோ எல்லாம் அதற்குள். தூசு தட்டுவது நாம், திறப்பதற்கு மட்டும் ஆம்பிளை வரணும்! என்ன நியாயம் இது?

போன வருஷம் மாமனார் திதி முடிந்த மத்தியானம், "ஏம்மா, அவர் பேசற அந்த வீடியோவைக் கொஞ்சம் போடேன், குரலையாவது கேட்கறேன்" என்றார் அத்தை. மகனுக்குப் போன் செய்தால், "மீட்டிங்ல இருக்கேம்மா, ராத்திரி பார்க்கலாம்" என்கிறான். என்னவரோ ஷிப்டில். எழுபத்தெட்டு வயசுக்காரி ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. தீபாவளிக்கு வந்தவனைப் பிடித்து உட்கார வைத்து, மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொன்றாய் எழுதிக்கொண்டேன்.

பெரிய வித்தையெல்லாம் இல்லை. போன் வீட்டு வைஃபையில் இருக்கணும், அந்தக் கம்ப்யூட்டரும் தூங்காமல் இருக்கணும். அதற்கென்று ஒரு முகவரி உண்டு, 192.168 என்று தொடங்கும் நாலு எண்கள். கம்ப்யூட்டரின் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் ஐ.பி.வி.4 என்று போட்டிருக்கும். போனில் சி.எக்ஸ். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மாதிரி ஒரு ஆப் போட்டு, 'நெட்வொர்க்' என்பதைத் தொட்டு அந்த எண்ணைக் கொடுத்தால் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இங்கேதான் பலரும் திண்டாடுவது! கம்ப்யூட்டரைத் திறக்க நாலு இலக்க பின் நம்பர் போடுவோமே, அது இதற்குச் செல்லாது. முழு பாஸ்வேர்டுதான் வேண்டும். ஐபோன் என்றால் தனி ஆப் வேண்டாம், 'ஃபைல்ஸ்' உள்ளேயே 'கனெக்ட் டு சர்வர்' இருக்கிறது. வீடியோவுக்கு வி.எல்.சி. போதும், போனில் இறக்கிக்கொள்ளாமலே ஓடும்.

கரண்ட் போய் வந்தால் சில சமயம் அந்த எண் மாறிவிடும். ரவுட்டரிலேயே அதை நிரந்தரமாக்கச் சொல்லி பிள்ளையிடம் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: நம் போனுக்கு 'பார்க்க மட்டும்' அனுமதி. நெட்வொர்க் வழியாக அழிக்கும் ஃபைல் சாதாரணமாகக் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, போனது போனதுதான். பேரன் கையில் போனைக் கொடுக்கிறவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா! அதுபோக, முக்கியமானவற்றுக்கு இன்னொரு நகல் தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். வைஃபை பாஸ்வேர்டு கேட்டு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு 'கெஸ்ட்' இணைப்பைக் கொடுத்துவிடுங்கள்.

"வெளியூரிலிருந்தும் பார்க்கலாமே, ரவுட்டரில் வழி திறந்துவிட்டால் ஆச்சு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூடவே கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ், ஃபைல்களைப் பகிர்ந்துகொள்ளும் இதே முறையில் இருந்த ஓட்டையில் புகுந்துதான் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளையே முடக்கியது. வெளியிலிருந்து பார்க்கத்தான் வேண்டுமென்றால் வி.பி.என். என்ற பாதுகாப்பான வழி இருக்கிறது. விஷயம் தெரிந்தவர் அமைத்துத் தரட்டும்.

எங்கள் வீட்டில் அதை இன்னும் போடவில்லை. புனேயிலிருந்து மார்க் ஷீட்டோ வேறு ஏதாவதோ வேண்டுமென்றால், இப்போது அவன்தான் எனக்குப் போன் செய்கிறான்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்