குடலுக்குள் ஒரு நண்டுக் கை

'கெமரா விட்டுப் பார்க்கிறது' என்றுதான் எங்களூரில் எண்டோஸ்கோபியைச் சொல்வார்கள். 'அகநோக்கி' என்ற நூல்வழக்குச் சொல்லைவிட இதுதான் சட்டென்று விளங்கும். ஆனாலும் இந்தப் பெயர் பாதிக் கதையைத்தான் சொல்கிறது. கெமரா பார்க்கும், சரி. அதை நடத்துவது வைத்தியரின் கை. இத்துறைக்குள் ரோபோ ஏன் வருகிறது என்று விளங்க வேண்டுமானால், அந்தக் கை படும் பாட்டை முதலில் பார்க்க வேண்டும்.

1868இல் ஜெர்மனிய வைத்தியர் அடோல்ஃப் குஸ்மௌல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேரான குழாயை இறக்கி இரைப்பையைப் பார்க்க முயன்றார். வித்தைக்காரருக்கு முடியும், மற்றவர்கள் என்ன செய்வது? 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடி இழைகளால் ஆன வளையும் குழாயை அறிமுகப்படுத்தியதும் நோயாளியின் பாடு இலகுவானது. வைத்தியருக்கோ இரண்டு சிக்கல்கள் எஞ்சின.

ஒன்று, தள்ளுவது. பெருங்குடல் சுமார் ஒன்றரை மீற்றர் நீளம், வளைவுகள் நிறைந்தது. பின்னாலிருந்து தள்ளும்போது குழாய் முன்னே போகாமல் குடலுக்குள் வளையமாகச் சுருளும். குடல் இழுபடும். நோயாளிக்கு வரும் வலியில் பெரும்பகுதி இதனால்தான்.

மற்றது, கை போதாமை. கருவிகள் கெமராவுக்குப் பக்கத்தில் உள்ள ஒடுங்கிய துளை வழியாகவே போக வேண்டும். தோலுரிக்கும்போது ஒரு கையால் தூக்கிப் பிடித்து மறு கையால் வெட்டுவோமே, அது அங்கே இலகுவில் நடக்காது.

இரண்டாவது சிக்கலுக்கு விடை தேடியவர்கள் சிங்கப்பூரில் லோரன்ஸ் ஹோ என்ற வைத்தியரும் லூயிஸ் பீ என்ற பொறியியலாளரும். 2004இல் ஓர் இராச்சாப்பாட்டில், நண்டை மாதிரியாகக் கொள்ளலாமே என்று ஹொங்கொங் சத்திரசிகிச்சை நிபுணர் சிட்னி சுங் சொன்னாராம். அவர்கள் உருவாக்கிய கருவியில் குழாய் நுனியில் இரண்டு சிறு கைகள் உண்டு. ஒன்று கவ்வும், மற்றது கொக்கி, வெட்டும். வைத்தியர் திரையைப் பார்த்தபடி கையசைக்க, உள்ளே அவை அப்படியே அசையும். ஆரம்ப நிலை இரைப்பைக் கட்டி உள்ள ஐந்து நோயாளிகளுக்கு இந்தியாவிலும் ஹொங்கொங்கிலும் வயிற்றைக் கிழிக்காமலே இதனால் சிகிச்சை செய்த முடிவுகள் 2012இல் வெளியாயின.

முதற் சிக்கலில் இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் பியெத்ரோ வல்தாஸ்திரி குழுவினர் கைவைத்தார்கள். தள்ளுவதற்குப் பதில் இழுப்பது! மெல்லிய குழாயின் நுனியில் ஒரு சிறு காந்தம். வயிற்றுக்கு வெளியே ரோபோக் கையில் ஒரு பெரிய காந்தம். 2020இல் வெளியான ஆய்வில், செயற்கைக் குடல் மாதிரியில் அனுபவமில்லாதவர்கள் தாமாகவே ரோபோவை இயக்கியபோது 58 சதவீதமே வெற்றி. கணினி ஓரளவு உதவியபோது 96. வழிநடத்தலைக் கணினியே ஏற்றபோது 100. நிபுணர் குறைந்த ஊர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் மாதிரிக் குடல் வேறு, மனிதக் குடல் வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

ஆக, ரோபோ வைத்தியரை எழுப்பிவிட்டு அவர் கதிரையில் உட்கார வரவில்லை. அவர் கை எட்டாத இடத்தில் இன்னொரு கையாக வருகிறது. எது நோய், எதை வெட்டலாம் என்ற தீர்மானம் அவரிடமே இருக்கிறது.

ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன். குடலில் தோன்றும் சிறு தசை முளைகள் புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் பல வருடங்கள் எடுக்கும். அதற்கிடையில் கண்டால், பார்க்கும் குழாயாலேயே அகற்றிவிடலாம். வலிக்குப் பயந்தும் வெட்கப்பட்டும் நம்மில் பலர் அந்த வருடங்களை வீணாக்குகிறோம். மலத்தில் இரத்தம் கண்டவர் ரோபோ வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. இன்று ஆஸ்பத்திரியில் இருக்கும் சாதாரணக் குழாய் போதும்.