உங்களுக்குத் தெரியுமா?

ஃபோட்டோகிராஃப் என்ற ஆங்கிலச் சொல்லில் முதல் அசைதான் ஓங்கி ஒலிக்கும். அதையே படம் எடுப்பவருக்கான சொல்லாக 'ஃபடாக்ரஃபர்' என்று நீட்டினால் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவும். 'இக்' சேர்த்து ஃபோட்டோகிராஃபிக் என்றால் மூன்றாம் அசைக்குப் போய்விடும். அழுத்தம் கைவிட்ட அசையின் உயிரொலி மங்கிவிடுவதால்தான், முதலில் கணீரென்று ஒலித்த 'ஃபோ' அடுத்த சொல்லில் வெறும் முனகலாகத் தேய்கிறது. தமிழில் அழுத்தம் மாறினால் பொருள் மாறாது. ஆகவே எல்லா அசைகளையும் ஒரே சீராக வாசிப்பது நமக்குப் பழக்கம்.

நீண்ட சொல்லைக் கண்டால் முதலில் வாலைப் பாருங்கள். 'ஷன்', 'இட்டி', 'இக்' என்று முடிந்தால் அழுத்தம் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில். விதியை மீறும் சொற்களும் உண்டு: அரபிக், பாலிடிக்ஸ் இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில்தான்.

ஆங்கில அகராதிகளில் உள்ள மிக நீளமான சொற்களில் ஒன்று 45 எழுத்துகள் கொண்டது. எரிமலைத் துகளைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோயின் பெயராம்! உண்மையில், நீளத்துக்காகவே 1935-இல் அமெரிக்கப் புதிர் ஆர்வலர் சங்கத் தலைவர் எவரெட் ஸ்மித் கோத்தது அது. நியூமோனோ, அல்ட்ரா, மைக்ராஸ்கோப்பிக், சிலிக்கோ, வால்கேனோ, கோனியோசிஸ் எனப் பிரித்தால் மூச்சு வாங்காமல் சொல்லலாம். டியூபர்குலோசிஸ் போலவே இதிலும் முதன்மை அழுத்தம் கடைசி 'ஓ'வில்.