உழவு யந்திரம் சூடேறாவிட்டால்

பெரும்போக உழவு தொடங்கும் காலத்தில் கமக்காரர் பெரிதும் அஞ்சுவது உழவு யந்திரம் கொதிப்பதையே. வெப்பங்காட்டியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் எவரும் உடனே யந்திரத்தை நிறுத்திவிடுவர். ஆனால், அம்முள் காலை முதல் மாலை வரை குளிர்ப் பக்கத்திலேயே கிடந்தால், யந்திரம் குளிர்மையாக ஓடுகின்றது என்று மகிழ்வோரே பலர். இம்மகிழ்ச்சி தவறானது. கொதிக்கும் யந்திரம் ஒரு நாளிற் கெடும்; குளிர்ந்து ஓடும் யந்திரமோ சில போகங்களிற் சிறிது சிறிதாகத் தேய்ந்து கெடும். வேறுபாடு அவ்வளவே.

குளிர்ச்சியால் விளையும் கேடு

டீசல் யந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறி இல்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தினாலேயே டீசல் எரிகின்றது. உருளையின் சுவர் குளிர்ந்திருந்தால் டீசல் முற்றாக எரியாது. எரியாத டீசலில் ஒரு பகுதி வெண்புகையாக வெளியேறும். மற்றொரு பகுதி சுவரிலுள்ள மசகெண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழேயுள்ள எண்ணெய்த் தொட்டியிற் சேரும். எரிதலின்போது உண்டாகும் நீராவியும் குளிர்ந்த சுவரில் நீராகப் படியும். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து அந்நீருடன் சேரும்போது அமிலமாகி, உருளையையும் வளையங்களையும் அரிக்கும். மசகெண்ணெய் நீர்த்துப்போவதோடு நாளடைவில் அதிற் சேறும் படியும். எரிபொருட் செலவும் கூடும்.

1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கொவன்றி நகரிற் செய்யப்பட்ட பேர்கசன் உழவு யந்திரங்களுள் ஒரு வகை, பெற்றோலிற் கிளப்பப்பட்டு, நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய் போன்ற மலிவான எரிபொருளுக்கு மாற்றப்பட்டது. யந்திரத்துக்குச் சூடு பகையன்று, அளவான சூடு தேவை என்பதை அக்காலச் சாரதிகள் நன்கு அறிந்திருந்தனர்.

முதலிற் பார்க்க வேண்டியது நீர்மட்டம்

முள் குளிரைக் காட்டுவதனால் மாத்திரம் யந்திரம் குளிர்ந்துள்ளது என்று முடிவு செய்யலாகாது. வெப்பத்தை உணரும் உறுப்பு நீரில் அமிழ்ந்திருந்தாற்றான் சரியாக வேலை செய்யும். நீர் குறைந்து அவ்வுறுப்பு வெறும் காற்றில் நிற்குமாயின், உள்ளே யந்திரம் வெந்துகொண்டிருக்கையிலும் முள் குளிரையே காட்டக்கூடும். இதுவே யாவற்றிலும் ஆபத்தானது. ஆதலால், காலையில் யந்திரம் ஆறியிருக்கும்போது றேடியேற்றரின் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். சூடாயிருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்திற் பாயும்.

அடுத்து வெப்பங்காட்டியைச் சோதிக்கலாம். மின்னால் இயங்கும் வகையில், உணரும் உறுப்பிலுள்ள கம்பியைக் கழற்றி, சாவியைத் திருப்பியபின், கம்பி நுனியை யந்திரத்தின் இரும்பிற் கணநேரம் தொடவைத்தால், பெரும்பாலானவற்றில் முள் சூட்டுப் பக்கம் ஏறும். ஏறாவிட்டாற் குற்றம் காட்டியிலோ கம்பியிலோ உள்ளது. முள் ஏறினால் அவையிரண்டும் நல்லவை. உணரும் உறுப்பு கெட்டிருக்கலாம், அல்லது யந்திரம் மெய்யாகவே குளிர்ந்திருக்கலாம்.

குழாய் கூறும் செய்தி

யந்திரத்தின் தலையிலிருந்து றேடியேற்றருக்கு நீர் செல்லும் மேற்குழாயின் வாயிலில் வெப்பநிலைநிறுத்தி உள்ளது. சாரதிகள் இதனைத் தேமோஸ்டாற் என்பர். நீர் குளிர்ந்திருக்கும்வரை இது மூடியிருந்து, நீரை யந்திரத்துக்குள்ளேயே சுழலச் செய்யும். பெரும்பாலான யந்திரங்களில் 80 பாகை செல்சியசுக்கு அண்மையிற் திறக்கத் தொடங்கும்.

ஆறிய யந்திரத்தைக் கிளப்பிச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தி, விசிறி நின்றபின் மேற்குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும். யந்திரத்தின் தலை நன்கு சூடேறும்வரை குழாய் குளிர்ந்திருந்து, பின்னர் விரைவாகச் சூடேறினால் நிறுத்தி நன்றாயுள்ளது. தொடக்கத்திலிருந்தே தலையும் குழாயும் ஒன்றாகச் சிறிது சிறிதாக வெதுவெதுப்பானால், நிறுத்தி திறந்தபடியே இறுகியுள்ளது, அல்லது அவ்விடத்தில் இல்லவே இல்லை.

இல்லாதிருப்பது அரிதன்று. யந்திரம் ஒருமுறை கொதித்ததும் அதனைக் கழற்றி எறிந்துவிடுவது பலரது வழக்கம். அடைபட்ட றேடியேற்றரைத் துப்புரவு செய்யாது காவலாளியை நீக்கிவிடுவது போன்றதே இச்செயல்.

அடுப்பிற் சோதித்தல்

கழற்றிய நிறுத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாற் வாயிலில் இடைவெளி தெரியலாகாது. பின்னர் அதனைக் கம்பியிற் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி நீரில் தொங்கவிட்டு, வெப்பமானி ஒன்றையும் வைத்து நீரைச் சூடாக்க வேண்டும். அதிற் பொறிக்கப்பட்ட அளவிற்கு அண்மையில் அது திறக்கத் தொடங்கி, நீர் ஆறும்போது மீண்டும் மூட வேண்டும். தவறின், அதே அளவுடைய புதியதொன்றை வாங்குக. பூட்டும்போது மெழுகுக் குமிழுள்ள பக்கம் யந்திரத்தை நோக்கியிருத்தல் வேண்டும். புதிய காஸ்கற்றும் இடுதல் நன்று. நீரின் வழிக்குப் பதிலாக றேடியேற்றரின் முன்னாற் சாக்கைக் கட்டி மறைப்பது பிழை. பாரமான உழவில் யந்திரம் திடீரெனக் கொதிக்கும்.

வழக்கத்தால் வரும் குளிர்ச்சி

யாவும் சரியாயிருந்தும் சில யந்திரங்கள் சூடேறுவதில்லை. வேலையின்றி நெடுநேரம் மெதுவாக ஓடவிடுவதே காரணம். நுவரெலியா போன்ற குளிர்ப் பகுதிகளின் மரக்கறித் தோட்டங்களில் இது மேலும் கூடும். கிளப்பிய சில நிமிடங்களின்பின் இலேசான வேலையிற் பூட்டுவதே யந்திரத்தைச் சூடாக்கும் நேரிய வழி. இருசில்லு உழவு யந்திரங்கள் பலவற்றில் வெப்பநிலைநிறுத்தி இல்லாமையால், அவற்றுக்கு இவ்வழக்கம் மிக முக்கியமானது.

குற்றத்தைத் திருத்தியபின் எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தல் வேண்டும். ஊற்றாமலே எண்ணெய்மட்டம் உயர்ந்தும் டீசல் மணத்தும் இருந்தால், எண்ணெயை முற்றாக மாற்றிய பின்னரே வயலில் இறக்க வேண்டும். வெப்பநிலைநிறுத்தி சிறியதொரு பொருளே. அதனை அலட்சியம் செய்தவர் உருளைகளையும் வளையங்களையும் மாற்ற நேரும்போது, யந்திரம் பட்டறையிற் கிடக்க, விதைப்புக் காலமும் கடந்துபோகும்.