விநாடியில் பத்தில் ஒரு பங்கு

‘செலஸ்ட்’ என்ற வீடியோ கேமில் மேடலின் என்ற இளம்பெண் ஒரு பனிமலையில் ஏறுகிறாள். பாறைக்குப் பாறை தாவ வேண்டும். தவறினால் முள்ளிலோ பள்ளத்திலோ விழுந்து, அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும். 2018-இல் வெளிவந்த இந்த கேம், கடினமானது என்று பெயர் எடுத்தது. அநியாயமானது என்று பெயர் எடுக்கவில்லை. விழுந்தவர்கள் தங்கள் கை தாமதித்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஏறினார்கள்.

காரணம் அதன் நிரலில் இருக்கிறது. கேமை உருவாக்கிய மேடி தோர்சனும் நோயல் பெரியும் அந்தப் பகுதியை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். மேடலினின் கால் பாறை விளிம்பைத் தாண்டிய பிறகும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாவுவதற்கு அனுமதி உண்டு. அந்தரத்தில் நிற்கும்போது பட்டனை அழுத்தினாலும் தரையில் நின்று தாவியதாகவே கணக்கு. தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டால், கேம் அதை நினைவில் வைத்திருந்து கால் பட்டவுடன் தாவவைக்கும். மேலே இருக்கும் பாறையின் மூலையில் தலை இடித்தால், நாலு பிக்சல் வரை அவளைப் பக்கவாட்டில் நகர்த்தி மேலே விடும். ஆடுபவருக்கு இதில் எதுவும் தெரியாது. ‘நூலிழையில் தப்பித்தேன்’ என்ற மகிழ்ச்சி மட்டும் தெரியும்.

கேம் டிசைன் என்பது இதுதான். படம் வரைவது, இசை அமைப்பது, நிரல் எழுதுவது எல்லாம் தனித்தனி வேலைகள். முகம் தெரியாத ஒருவரின் விரலும் மனமும் எந்த இடத்தில் தடுமாறும் என்று முன்கூட்டியே யோசித்து, அந்த இடத்தில் என்ன நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது டிசைனரின் வேலை.

90களில் நம் ஊர்க் கடைகளில் வாங்கிய பெட்டியை டிவியில் இணைத்து, மஞ்சள் கேசட்டைச் செருகி மாரியோ ஆடியவர்களுக்கு அதன் முதல் லெவல் இன்னும் மனப்பாடமாக இருக்கும். ஜப்பானின் நின்டென்டோ நிறுவனத்தில் ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெஸுகாவும் 1985-இல் உருவாக்கிய கேம் அது. மொத்தம் 40 கிலோபைட். இடத்தை மிச்சப்படுத்த மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தை நிறம் மாற்றிப் பயன்படுத்தினார்கள். ஆட்டத்துக்குள் எப்படி ஆடுவது என்று விளக்கும் ஒரு வரிகூடக் கிடையாது. மாரியோ திரையின் இடது பக்கம் நிற்பான், வலப்பக்கம் வெறுமையாக இருக்கும். வலது பக்கம் போக வேண்டும் என்று புரிந்துவிடும். முதல் எதிரி எதிரே வருவான். அவனால் செத்தாலும் நட்டமில்லை, இப்போதுதான் தொடங்கினோம். கேள்விக்குறிக் கட்டையைத் தலையால் முட்டினால் காளான் வெளிவந்து வலப்பக்கம் ஓடி, குழாயில் மோதி, மாரியோவை நோக்கியே திரும்பி வரும். எதிரி என்று பயந்து தாவப் பார்த்தால் மேலே உள்ள கட்டைகள் தடுக்கும். காளான் மேலே படும், மாரியோ வளர்வான். காளான் நல்லது என்று யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டோம். கொஞ்ச தூரத்தில் எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள், நடுவில் தரை. விழுந்தாலும் பிழைக்கலாம். அடுத்து அதேபோல் இன்னொரு ஜோடி, நடுவில் பள்ளம். ஒத்திகை முடிந்த பிறகே ஆபத்து வருகிறது.

இந்த அறிவைப் புத்தகத்திலிருந்து முழுதாகப் பெற முடியாது. யாரையாவது ஆடவிட்டு, பின்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்து, அவர் எங்கே குழம்புகிறார், எங்கே சலிக்கிறார் என்று பார்த்து, திருத்தி, மறுபடி ஆடவிட்டுக் கற்பது. பல ஆண்டுகள் ஒன்றாக வேலை பார்த்தவர்களிடம் இது சேர்ந்திருக்கும். கேம் துறையின் எதிர்காலம் பற்றிப் பேசும்போது கிராஃபிக்ஸ், மெய்நிகர் கண்ணாடி, செயற்கை நுண்ணறிவு என்றெல்லாம் சொல்கிறார்கள். இந்த மனிதர்கள் துறையில் இருப்பார்களா என்பதுதான் என் முதல் கேள்வி.

கேள்விக்குக் காரணம் உண்டு. வீடியோ கேம்கள் உலக அளவில் ஆண்டுக்குச் சுமார் 18,000 கோடி டாலர் ஈட்டுகின்றன. ஏறக்குறைய பாதி கைபேசியிலிருந்து வருகிறது. இவ்வளவு பணம் புரளும் துறையில் 2023-இல் சுமார் 10,000 பேரும் 2024-இல் 14,000-க்கும் மேற்பட்டோரும் வேலை இழந்ததாக ஆட்குறைப்புகளைத் தொகுத்து வருபவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆக்டிவிஷன் பிளிஸார்ட் நிறுவனத்தைச் சுமார் 6,900 கோடி டாலருக்கு வாங்கிய மைக்ரோசாஃப்ட், மூன்றே மாதத்தில், 2024 ஜனவரியில், கேம் பிரிவில் 1,900 பேரை நீக்கியது. அடுத்த மாதம் சோனி 900 பேரை அனுப்பியது.

கொரோனா முடக்கத்தில் எல்லோரும் வீட்டிலிருந்து ஆடியபோது அந்தக் கூட்டம் நிலைக்கும் என்று நம்பிய நிறுவனங்கள், குறைந்த வட்டியில் பணம் திரட்டி ஆட்களைச் சேர்த்தன. கதவுகள் திறந்தன, மக்கள் வெளியே போனார்கள், வட்டி ஏறியது. இது ஒரு காரணம். இதைவிட ஆழமானது தயாரிப்புச் செலவு. ‘ஸ்பைடர்மேன் 2’ கேமுக்குச் சுமார் 30 கோடி டாலர் செலவானது என்று 2023 இறுதியில் கசிந்த அந்த ஸ்டுடியோவின் ஆவணங்கள் காட்டின. இப்படிப்பட்ட ஒரு கேம் சுமாராக விற்றாலே ஸ்டுடியோ ஆட்டம் காணும். அந்தப் பயத்தில் பெரிய நிறுவனங்கள் ‘லைவ் சர்வீஸ்’ பக்கம் சாய்ந்தன: ஒரே கேமைப் பல ஆண்டுகள் ஆடவைத்து, உள்ளே உடை முதலியவற்றை விற்பது. ‘ஃபோர்ட்நைட்’ அப்படித்தான் கொழித்தது. ஆனால் அதை ஆடுபவரின் நண்பர்கள் எல்லோரும் ஏற்கெனவே அங்கே இருக்கிறார்கள். அவரிடம் இருப்பது ஒரே ஒரு மாலைப்பொழுது. சோனி பல ஆண்டுகள் செலவிட்டு 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட ‘கான்கார்ட்’ செப்டம்பர் 6-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. உருவாக்கிய ஸ்டுடியோ அக்டோபரில் மூடப்பட்டது.

தோற்றவர்களுக்கு மட்டும்தான் இந்தக் கதி என்றும் சொல்ல முடியாது. டோக்கியோவின் டேங்கோ கேம்வொர்க்ஸ் 2023-இல் ‘ஹைஃபை ரஷ்’ வெளியிட்டது. மரம் செடி முதல் அடி உதை வரை எல்லாமே பாட்டின் தாளத்துக்கு அசையும் கேம் அது. ஆடுபவர் தாளம் தவறி அழுத்தினாலும் அடி தாளத்தில்தான் விழும். மேடலினுக்குக் கிடைத்த அதே சலுகை. விருதுகள் வாங்கியது, பாராட்டு குவிந்தது. 2024 மே மாதம் அதன் உரிமையாளரான மைக்ரோசாஃப்ட் அந்த ஸ்டுடியோவை மூடுவதாக அறிவித்தது. பப்ஜி மூலம் நம் வீடுகளுக்கு அறிமுகமான தென்கொரியாவின் கிராஃப்டன் ஆகஸ்டில் அதை வாங்கிக் காப்பாற்றியது. எல்லா ஸ்டுடியோவுக்கும் ஒரு கிராஃப்டன் வருவதில்லை.

நின்டென்டோ வேறு விதமாக நடந்துகொண்டது. வீ யூ கன்சோல் விற்பனை சரிந்தபோது அதன் தலைவர் சடோரு இவாட்டா, 2014-இல் தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார். வேலை போய்விடுமோ என்று அஞ்சுபவர்களால் நல்ல கேம் செய்ய முடியாது என்பது அவர் கருத்து. 1985-இல் முதல் லெவலை வடிவமைத்த அதே தெஸுகா, 2023-இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வண்டர்’ கேமின் தயாரிப்பாளர். 38 ஆண்டு அனுபவம் ஒரே நிறுவனத்துக்குள் கைமாறியிருக்கிறது. பங்குச் சந்தை அறிக்கையில் இந்தச் சொத்துக்குப் பத்தி கிடையாது.

சிறிய குழுக்களிடமும் நம்பிக்கை தெரிகிறது. எரிக் பரோன் நாடக அரங்கில் இருக்கை காட்டும் வேலை பார்த்துக்கொண்டே, நாலரை ஆண்டுகள் தனியாளாக ‘ஸ்டார்டியூ வேலி’ உருவாக்கினார். 4 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. சீட்டாட்டத்தை அடிப்படையாகக் கொண்ட ‘பலாட்ரோ’, பெயரை வெளியிட விரும்பாத ஒரே ஒருவரின் படைப்பு. பிரான்ஸின் மோன்பெல்லியே நகரில் முப்பது பேர் அளவிலான மையக் குழு உருவாக்கிய ‘எக்ஸ்பெடிஷன் 33’ 2025-இன் பெரிய விருதுகளை அள்ளியது. ஆனால் இவை உச்சியில் தெரிபவை. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் மட்டும் 2024-இல் 18,000-க்கும் மேற்பட்ட கேம்கள் வந்தன. பெரும்பாலானவற்றை யாரும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வேலை போன ஆயிரக்கணக்கானோரிடம் ‘நீங்களே ஒரு கேம் செய்யுங்கள்’ என்று சொல்வது தீர்வாகாது.

ஆடுபவரின் மனத்தை அறிந்த கை, அவர் பர்ஸிலும் நுழையலாம். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசு கொடுத்துத் திறக்கும் பெட்டிகள், இன்னும் ஒரே ஒரு முறை என்று தூண்டும் கணக்குகள் எல்லாம் டிசைனர்கள் வகுத்தவைதான். பெல்ஜியம் 2018-இல் அந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்றது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களுக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-இலும், நாடு முழுமைக்கும் ஒன்றிய அரசு 2025 ஆகஸ்டிலும் சட்டம் கொண்டுவந்தன. இந்தத் திறமை அந்தப் பக்கம் செலவாவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

செயற்கை நுண்ணறிவு இப்போது நடந்து பார்க்கக்கூடிய உலகத்தையே உருவாக்கிக் காட்டுகிறது. கூகுளின் ‘ஜீனி 3’ 2025-இல் அதைச் செய்தது. சில நிமிடங்கள் அந்த உலகம் நிலைத்தது. பின்னணி ஓவியங்களையும் சிறு பாத்திரங்களின் குரல்களையும் இயந்திரம் எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் கேம் குரல் கலைஞர்கள் 2024 ஜூலையில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு நடத்திய வேலைநிறுத்தம் இதற்காகத்தான். தங்கள் குரலையும் அசைவையும் இயந்திரத்தில் நகலெடுக்க ஒப்புதல் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையை வாங்கினார்கள்.

மைக்ரோசாஃப்டின் ஜெனிமேக்ஸ் பிரிவில் ஏற்கெனவே சங்கம் வைத்திருந்த சுமார் 300 சோதனையாளர்களும் 2025-இல் ஒப்பந்தம் முடித்தார்கள். சம்பள உயர்வோடு, செயற்கை நுண்ணறிவு தொடர்பான பாதுகாப்புகளும் அதில் உண்டு. ஒரே சுவரில் நூறு முறை மோதி, ஒரே பள்ளத்தில் நூறு முறை விழுந்து, கேம் எங்கே சரியில்லை என்று எழுதித் தருபவர்கள் இவர்கள். துறையில் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவர்களில் இவர்களும் உண்டு. அடுத்த ஒப்பந்தங்களில் டிசைனர்களும் ஓவியர்களும் சேர்வார்களா என்பதை வரும் ஆண்டுகளில் கவனிக்க வேண்டும்.