கொடுவாள் (அலகு அமைப்பு)

கொடுவாள் என்பது நுனி உள்நோக்கி வளைந்த, கனமான அலகுடைய வெட்டுக்கருவி ஆகும். 'கொடு' என்னும் சொல் வளைவைக் குறிக்கும். நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையிலுள்ள பெரக்கரை நாடு போன்ற மலைப்பகுதிகளில் மிளகு, காப்பி, பலா, சிறுதானியங்கள் ஆகியவை பயிராகின்றன. இங்கு கிளை கழிக்கவும், புதர் நீக்கவும், விறகு வெட்டவும் கொடுவாள் பயன்படுகிறது. அதன் ஒவ்வோர் உறுப்பின் வடிவத்துக்கும் ஒரு காரணம் உண்டு.

வளைந்த நுனி

நேரான கத்தியால் கிளையை வெட்டினால் அலகு வழுக்கிச் செல்லக்கூடும். கொடுவாளின் வளைவு கிளையைப் பிடித்துக்கொள்வதால், வெட்டவும் இழுக்கவும் முடிகிறது. தரையை ஒட்டி வெட்டும்போது வாய்ப்பகுதி கல்லில் படுவதையும் வளைவு ஓரளவு தடுக்கிறது.

முதுகும் வாயும்

தடித்த முதுகு அலகுக்கு எடையையும் விறைப்பையும் தருகிறது. எடை நுனிப்பக்கம் கூடுதலாக இருப்பதால் வீச்சின் விசை பெருகுகிறது. காய்கறிக் கத்தியைப் போல மெல்லிய வாய் வைத்தால் கட்டை விறகில் அது மடங்கும் அல்லது பெயரும். ஆகவே கொடுவாளின் வாய் சற்று அகன்ற கோணத்தில் தீட்டப்படுகிறது.

பதம்

பழைய லாரிகளின் வில்பட்டை எஃகு அலகு செய்யப் பெரிதும் பயன்படுகிறது. கொல்லர் அலகைச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்பகுதியை மட்டும் நீரில் தோய்ப்பதுண்டு. இதனால் வாய் கடினமாகிறது; முதுகு உடையாத தன்மையுடன் இருக்கிறது. மின்சாணையில் அழுத்தித் தீட்டும்போது வாய் நீலநிறமானால், வெப்பம் ஏறத்தாழ 300 பாகை செல்சியசை எட்டிப் பதம் குறைந்துவிட்டது என்று பொருள். நீரில் அடிக்கடி நனைத்துத் தீட்டினால் இதைத் தவிர்க்கலாம்.

பிடியும் பூணும்

அலகின் வால் மரப்பிடிக்குள் செலுத்தப்படுகிறது. பிடியின் வாயிலுள்ள இரும்புப் பூண் மரம் பிளவுபடாமல் காக்கிறது. பூண் தளர்ந்தால் வீச்சின்போது அலகு கழன்று பறந்து அருகிலிருப்பவரைக் காயப்படுத்தலாம். எனவே வேலைக்கு முன் பிடியை அசைத்துப் பார்ப்பது அவசியமாகும்.

கருக்கரிவாளுடன் ஒப்பீடு

சாமை, கேழ்வரகு போன்றவற்றை அறுக்கும் கருக்கரிவாள் மெல்லியது. வாயில் நுண்ணிய பற்கள் கொண்டது. இப்பற்களே கருக்கு எனப்படும். அவை வழுவழுப்பான தாளைப் பற்றி, இழுக்கும்போது அறுக்கின்றன. ஓங்கி வீசத் தேவையில்லாததால் கதிர் அதிராது. மணி உதிர்வதும் குறைகிறது.

அலகிலுள்ள பள்ளம்

சில கத்திகளின் பக்கவாட்டில் நீண்ட பள்ளம் காணப்படும். இது இரத்தம் வழிவதற்காக அமைக்கப்பட்டது என்பது பரவலான தவறான கருத்தாகும். விறைப்பைப் பெரிதும் குறைக்காமல் எடையைக் குறைப்பதே அதன் நோக்கம். கட்டடங்களில் பயன்படும் இரும்பு உத்தரங்களின் நடுப்பகுதி மெலிந்திருப்பதும் இதே காரணத்தால்தான். எடையே பலமாக அமையும் கொடுவாளுக்கு இத்தகைய பள்ளம் தேவைப்படுவதில்லை.