தகவமைப்பு என்னும் சொல்

'கடல் தாவரங்கள் வெப்பத்திற்குத் தகவமைத்துக்கொள்ளும்' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த வினைச்சொல்லில் ஒரு மோசடி இருப்பதாக எனக்குப் படுகிறது. பாசியே யோசித்துத் தன்னை மாற்றிக்கொள்கிற மாதிரி!

டாஸ்மேனியாவின் கிழக்குக் கரையைப் பார்க்கலாம். ராட்சத கெல்ப் என்ற பழுப்புப் பாசி 30 மீட்டர் வரை எழுந்து, கடலுக்கடியில் காடாக நின்ற இடம். கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் வலுத்துத் தெற்கே இறங்கியது. வெதுவெதுப்பான, சத்தில்லாத தண்ணீர். சில பத்தாண்டுகளில் காட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் போச்சு. 2012இல் அரசு இதை அழிவாபத்திலுள்ள உயிர்ச்சமூகமாகப் பட்டியலிட்டது. பட்டியல் போட்டால் தண்ணீர் குளிருமா என்ன?

மிஞ்சியவற்றின் வித்துகளை எடுத்து ஆய்வாளர்கள் சூடான நீரில் வளர்த்துப் பார்த்தார்கள். சில வம்சங்கள் தாங்கின, சில தாங்கவில்லை. தாங்கியவற்றைக் கடலில் நட்டார்கள்.

எந்தத் தனிப் பாசியும் வெப்பத்தைக் கற்றுக்கொள்வதில்லை. தாங்கும் மரபணு கூட்டத்தில் ஏற்கெனவே எங்கோ கிடக்க வேண்டும். மற்றவை செத்து அதற்கு இடம்விட வேண்டும். தகவமைப்பு என்பது இந்தச் சாவுகளையும் சேர்த்துத்தான். சாவோடு போகிற மரபும் கொஞ்சமல்ல. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2011 வெப்ப அலைக்குப் பின், காடமைக்கும் வேறு இரண்டு பாசியினங்கள் தம் மரபணு வேற்றுமையில் 30 முதல் 65 சதவீதம் வரை இழந்திருந்தன. வெறுங்கண்ணுக்குத் தெரியாத இழப்பு.

இப்போது ஆய்வுக்கூடத்தில் நாமே பொறுக்குகிறோம், அதுவும் சூட்டுக்காக மட்டும். நாளைக்கு ஒரு நோய் வந்தால் வேண்டியது, ஒதுக்கிய வம்சத்தில் இருந்திருக்கலாம். வித்திலிருந்து முளைக்கும் நுண்ணிழைகளைச் சிவப்பு விளக்கின்கீழ் ஆண்டுக்கணக்கில் கருவுறாமல் வைத்திருக்க முடியும். தோற்றவற்றையும் அங்கே வைக்கச் சொல்வேன்.